படகுக்காரர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டு, பதிலோடு வீடு திரும்புவது எப்படி?

“அண்ணே, ஒரு சின்னக் கேள்வி” என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். கீழே நான் எழுதியிருப்பதில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வலை தைத்துக்கொண்டிருப்பவர் ஊசியைக் கீழே வைப்பார், டீ குடித்து முடித்தவர் இன்னொரு டீ சொல்வார், கரையில் ஏற்றிக் கிடக்கும் படகின் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து கைலியை இறுக்கிக் கட்டுவார். அதற்குப் பிறகு அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை கிடையாது.

நான் ராமநாதபுரத்தில் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன். எனக்கும் கடலுக்கும் உள்ள ஒரே உறவு மச்சான் வழியில் வந்தது. சில வருடங்களுக்கு முன்னால் அவர் பாம்பனில் ஒரு பழைய ஃபைபர் படகை விலை பேசிவிட்டு, காசு பத்தாமல் பாதிப் பங்குக்கு என்னை இழுத்தார். பணம் கைமாறிய மூன்றாவது மாதம் குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கேயும் மீன்பிடிப் படகுதான், அது வேறு கதை. இங்கே படகும் நானும் மச்சானின் தம்பியும் மட்டும் மிச்சம். தம்பிக்குக் கடல் நன்றாகத் தெரியும், ஆனால் எதைக் கேட்டாலும் “பாத்துக்கலாம்ணே” என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. அதனால்தான் நான் கரையில் போய்க் கேட்டேன்.

கேட்டது இவ்வளவுதான்: “நங்கூரத்துக்கு எத்தனை பாகம் கயிறு போடணும்?”

பாகம் என்றால் இரண்டு கையையும் அகல விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் உள்ள நீளம், ஏறக்குறைய 6 அடி. ஆழத்தையும் கயிற்றையும் இங்கே இப்போதும் பாகத்தில்தான் பேசுவார்கள். இருபது என்றோ முப்பது என்றோ ஒரு எண் கிடைக்கும், வாங்கிக்கொண்டு நேரே கயிற்றுக் கடைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். பாம்பன் தெற்குவாடியில், காலை ஒன்பது மணி இருக்கும்.

முதலில் வந்தது “யாரு படகு?” சொன்னேன். “என்ன வெலைக்கு எடுத்தீங்க?” அதையும் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேதத்துக்கு வந்தவர் துண்டைத் தோளில் சரி செய்துகொண்டு கேட்பாரே, அந்தக் குரலில் ஒருவர், “அந்தப் படகா?” என்றார். அடுத்த இருபது நிமிடம் அந்தப் படகு எங்கே கட்டியது, எந்தப் பக்கம் ஒட்டுப்போட்டது, முன்னால் வைத்திருந்தவர் ஏன் விற்றார், அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் ஏன் விற்றார் என்று ஓடியது. கயிறு என்ற பேச்சே எழவில்லை.

பிறகு ஒருவர் மனமிரங்கி, “நங்கூரம் எதுக்கு? கரையில ஏத்திப் போட்டுர வேண்டியதுதானே” என்றார். இன்னொருவர், “கயிறு கெடக்கட்டும், லைஃப் ஜாக்கெட் வச்சிருக்கியா?” என்று ஆரம்பித்து, போடாமல் போனவர்களின் பட்டியலை வாசித்தார். சொன்னதெல்லாம் நியாயம்தான், ஆனால் சொன்னவர் படகிலும் அது இல்லை என்பதை நான் பிறகு பார்த்தேன். மூன்றாமவருக்கோ கோபம். “இதத்தான் போன வாரம் இதே எடத்துல உக்காந்து பேசி முடிச்சோம். அப்ப நீ எங்க போயிருந்த?” போன வாரம் நான் கடையில் இருந்தேன் என்பதை ஒரு குற்றம்போல ஒத்துக்கொண்டேன்.

அதற்குள் ஒரு பெரியவர் 1964 புயலுக்குப் போய்விட்டார். இந்தக் கரையில் காற்று, கயிறு, நங்கூரம் என்று எதைத் தொட்டாலும் பேச்சு கடைசியில் தனுஷ்கோடிக்குப் போய்ச் சேரும். அந்த டிசம்பரில் ரயிலையே கடல் கொண்டுபோனது, தண்டவாளமே நிற்கவில்லை, உன் கயிறு நிற்குமா என்பது அவர் வாதம். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? தலையைக் குனிந்து நின்றேன். ரயில் என்ற சொல் வந்ததும் பாம்பன் ரயில் பாலம் வந்தது. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் ஆட்கள் நின்று கையால் நெம்பித் தூக்கிய காலம் நல்லதா, 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மோட்டாரில் அப்படியே நேராக மேலே ஏறுகிறதே அது நல்லதா என்று இரண்டு கட்சி. எங்கள் ஃபைபர் படகு பாலம் திறந்தாலும் மூடினாலும் அடியில் புகுந்து போய்விடும். அதைச் சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை.

கடைசியில் இரண்டு பேர் பாகத்தையே சண்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ஆறடிக்குக் கொஞ்சம் மேல், மற்றவர் அவருடைய மோவாய் உயரம். இருவரும் கையை விரித்து முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள், ஒரு பையன் சாண் வைத்து அளந்தான். ஒரு சாண் வித்தியாசம். ஒரு பாகத்துக்கு ஒரு சாண் என்றால் இருபது பாகத்துக்கு இருபது சாண், அதாவது 15 அடி, அதாவது இரண்டரை பாகம். யார் பாகத்தில் இரண்டரை என்று அடுத்த சண்டை. டீக்கடைக்காரர் வந்து, “குடிச்சாச்சுன்னா காச வச்சுட்டுக் கெளம்புங்கப்பா, வேற ஆளு உக்காரணும்ல” என்று சொல்லித்தான் சபை கலைந்தது. டீக்காசு என் கணக்கில்.

அன்று பதில் கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாக அடிபட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்போது கேட்பது

படகு கரை ஏறும் நேரத்தில் கேட்காதீர்கள். மீன் ஏலத்தில் நிற்பவரிடம் கயிற்றைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்லும் எண் மீன் விலையாக இருக்கும். கடலுக்குக் கிளம்பும் நேரமும் ஆகாது. அப்போது கேள்வி கேட்பதே சகுனத்தடை என்று நினைப்பவர்கள் உண்டு, நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நல்ல நேரம், வலை தைக்கிற மதிய நேரம். கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும், சண்டை வந்தாலும் ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வரச் சோம்பலாக இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், ஆட்கள் எல்லாம் கரையில் இருப்பார்கள். பார்க்க வசதியாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். தடைக்காலத்தில் முதல் நாள் ஒரு கேள்வி கேட்டால் 61 நாளும் பதில் வரும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளும் அப்படியே. ஒருத்தரும் கடலுக்குப் போகவில்லை, எல்லோருக்கும் படகைப் பற்றிக் கவலை, ஆளுக்கொரு வானிலை ஆராய்ச்சி. அங்கே போய் நீங்கள் கயிறு நீளம் கேட்டால் அடி விழாதது உங்கள் அதிர்ஷ்டம்.

“எந்தக் கடலு?”

இந்தக் கேள்வி வந்தால் கோபப்படாதீர்கள். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு, இது ஒன்றுதான் நிஜமான விசாரணை. எனக்கு இது புரியவே ஆறு மாதம் ஆனது, அதுவரை என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாம்பன், மண்டபம் ஆட்களுக்குக் கடல் ஒன்று இல்லை, இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான், அடியில் சேறும் மணலும் தாழை என்கிற கடற்புல்லும். தென்கடல் சட்டென்று ஆழத்துக்குப் போகும், தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள், அதைப் பார் என்பார்கள். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் படுத்துக் கிடக்கும். தென்மேற்குக் காற்று வந்தால் அப்படியே தலைகீழ். அதனால் காற்றைப் பார்த்துப் படகை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக் கட்டுகிறவர்கள் இங்கே உண்டு. இப்படி இருக்கும் ஊரில் கடலையே சொல்லாமல் “எத்தனை பாகம் கயிறு” என்று கேட்பது, டாக்டரிடம் போய் யாருக்கு என்ன நோய் என்று சொல்லாமல் எத்தனை மாத்திரை என்று கேட்கிற மாதிரி. என் கடைக்கும் “சார்ஜ் ஏற மாட்டேங்குது, எவ்வளவு ஆகும்?” என்று போனிலேயே கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன கேட்கிறேன்? “எந்த மாடல்?” அவர்களும் கோபப்படுகிறார்கள்.

ஆகவே அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிடுங்கள். இதுமாதிரி: “மாமா, இருபத்தஞ்சடி ஃபைபரு, மச்சான் படகு, வடகடல்ல கரைக்குப் பக்கமா ரெண்டு பாகம் தண்ணியில நிக்கும், தரை சேறு, கொஞ்சம் தாழ இருக்கு, இரும்பு நங்கூரம், நைலான் கயிறு, வாடை ஏறுறதுக்குள்ள மாத்திரணும், வெலையைக் கேக்காதீங்க.” இப்படிக் கேட்டால் எட்டுக் கேள்வியில் ஆறு குறையும். மிச்சம் இரண்டு எப்படியும் வரும். நான் இவ்வளவும் சொன்ன பிறகு ஒருவர் மோவாயைத் தடவிக்கொண்டே, “எல்லாஞ் சரி, இன்னைக்கு என்ன பெறை?” என்றார். இந்தக் கரையில் ஏற்றமும் வற்றமும் அப்படி ஒன்றும் பெரிதல்ல, ஆனாலும் அமாவாசை பௌர்ணமி கேட்காமல் ஒரு பதில் சொன்னால் அவருக்குத் தூக்கம் வராது.

காற்றின் பெயரை மட்டும் நீங்களாகச் சொல்ல வேண்டாம். வாடை பரவாயில்லை, அதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். கச்சான், சோழகம், கொண்டல் என்று நீங்கள் வாய் திறந்தால், அது இந்தத் திசை இல்லை அந்தத் திசை என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு இருக்கிறது, அதில் மாட்டிக்கொண்டால் சாயங்காலம்தான் வெளியே வருவீர்கள். கையை நீட்டி, “அங்கிட்டுருந்து அடிக்குதே, அந்தக் காத்து” என்று காட்டிவிடுங்கள்.

தப்பாகச் சொல்லுங்கள், சரியாக வரும்

இந்த வழியை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். ஒருநாள் மண்டபத்தில் வடக்குத் துறைப் பக்கம், யாரையும் எதுவும் கேட்காமல், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தம்பியிடம் சத்தமாக, “பத்தடிக் கயிறு போதுமாம்டா, தொண்டிப் பக்கம் ஒருத்தர் சொன்னாரு” என்றேன். பக்கத்துப் படகில் மூன்று மாதமாக என்னை ஏறிட்டும் பார்க்காத மனிதர் குதித்து இறங்கி வந்தார். “எவன் சொன்னான்? பத்தடியா? தண்ணியே பன்னெண்டடி இருக்கும், நங்கூரம் என்ன அந்தரத்துல தொங்குமா?” என்று ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் நான் இரண்டு வருடமாகத் தேடியதை முழுக்கச் சொல்லி முடித்தார். அதை அப்படியே தருகிறேன்.

நங்கூரம் கனத்தால் படகைப் பிடித்து நிறுத்துவதில்லை. கயிறு தரையை ஒட்டிப் படுத்த மாதிரி இழுத்தால்தான் நங்கூரத்தின் கொக்கி மண்ணைக் கொத்தும். கயிறு குட்டையாக இருந்தால் படகு அலையில் எழும்போதெல்லாம் நங்கூரத்தை மேலே பார்த்துப் பிடுங்கும், பிடுங்கினால் போச்சு. ஆகவே தண்ணீர் ஆழத்தோடு அணியத்தின், அதாவது படகின் முன்மூக்கின் உயரத்தையும் கூட்டி, சாதாரண நாளில் அதைப்போல் 5 மடங்கு, காற்று ஏறினால் 7 மடங்கு கயிறு விட வேண்டும். எங்கள் கணக்கு: தண்ணீர் 12 அடி, அணியம் 3 அடி, கூட்டினால் 15. ஐந்து மடங்கு 75 அடி, பன்னிரண்டரை பாகம். ஏழு மடங்கு 105 அடி, பதினேழரை பாகம். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் கொஞ்சம் சங்கிலி போட்டால் அது தன் கனத்தில் தரையிலேயே கிடந்து இழுப்பைப் படுக்கையாக வைக்கும். நைலான் கயிறு தண்ணீரில் அமிழும், இழுத்தால் கொஞ்சம் நீளும், அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கிற மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு மேலேயே மிதந்து யார் இன்ஜினிலாவது சுற்றும். தாழை அடர்ந்த இடத்தில் கொக்கி புல்லின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், வெறும் சேறு பார்த்துப் போட வேண்டும். தென்கடலில் பார் மேல் போடவே கூடாது, பாரும் உடையும், நங்கூரமும் சிக்கும். வேறு வழியில்லாமல் கல் தரையில் போட்டால் நங்கூரத்தின் கொக்கி இருக்கும் பக்கம் தனியாக ஒரு கயிறு கட்டி வைத்தால், சிக்கும்போது பின்பக்கமாக இழுத்து எடுத்துவிடலாம்.

இவ்வளவும் ஐந்து நிமிடத்தில், இலவசமாக. தப்பைத் திருத்துவதில் ஒரு மனிதனுக்கு இருக்கிற வேகம் பதில் சொல்வதில் கிடையவே கிடையாது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அன்று முதல் எனக்கு அந்தத் துறையில் ‘பத்தடி’ என்று பெயர். “பத்தடி வந்துருக்காரு.” “பத்தடி மச்சான் குவைத்துலருந்து வந்துட்டாரா?” கடலோரத்தில் பட்டப்பெயர் வந்தால் வந்ததுதான். அப்புறம், தப்பை எந்த ஊர் தலையில் போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். தொண்டி என்று சொன்ன பாவத்துக்கு, ஒரு பாய்மரப் படகுப் போட்டி பார்க்கப் போன இடத்தில் தொண்டிக்காரர் ஒருவர் என்னை உட்கார வைத்து, “எங்க ஊர்ல எவன் சொன்னான், பேரச் சொல்லு” என்று கேட்டார். காற்றை மட்டும் நம்பிப் படகு விடுகிறவர்கள் அவர்கள், கயிற்றைப் பற்றி அவர்கள் பேரில் புளுகியிருக்கக் கூடாது.

இரண்டு துறையில் ஒரே கேள்வியைக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள். கீழக்கரைக்குப் போய் ஒரு காக்காவிடம், அங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள், மெதுவாக ஆரம்பித்தேன். அவர் டீ சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே, “பாம்பன்லயும் கேட்டியளாமே?” என்றார். கேள்வி எனக்கு முன்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டது.

இன்ஜின் பிரச்சினையைக் கூட்டத்தில் கேட்காதீர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டுகிற இன்ஜின், கிளம்பவில்லை. இழுக்கிறேன், இழுக்கிறேன், உறுமக்கூட இல்லை. “ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது” என்று வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர் கூடினார்கள். பிளக் போச்சு என்றார் ஒருவர். எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்றார் இன்னொருவர். கார்புரேட்டர் அடைப்பு என்றவருக்கும் கம்ப்ரஷன் இல்லை என்றவருக்கும் பழைய பகை ஏதோ இருந்திருக்கிறது, அது அங்கே வெளியே வந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று ஒருவர் ஸ்பேனரே எடுத்து வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிசு கடைசியாக, “வித்துரு” என்றார்.

டீ கிளாஸ் வாங்க வந்த பையனுக்குப் பத்து வயது இருக்கும். “மாமா, இந்தச் செவப்புக் கயிறு சும்மா தொங்குதே, இத எங்கயாவது மாட்டணுமா?” என்றான்.

மாட்ட வேண்டும். அந்தச் சிவப்புக் கயிற்றின் ஒரு முனையைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும், மறு முனையில் இருக்கிற கிளிப்பை இன்ஜின் சுவிட்சில் சொருக வேண்டும். ஓட்டுபவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கிளிப் கழன்று இன்ஜின் நின்றுவிடும், ஆளைவிட்டுப் படகு தனியே ஓடாது. கிளிப் சொருகாவிட்டால் பிளக்கில் பொறியே வராது, பிறகு எத்தனை பேர் இழுத்தால் என்ன? சொருகி ஒரே இழுப்பு, கிளம்பிவிட்டது. பதினொரு பேரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஸ்பேனர் எடுத்து வந்தவர் மட்டும், “அதத்தான் நான் மொதல்லயே சொல்ல வந்தேன்” என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை மடியில் சொருகிக்கொண்டு போனார்.

அதனால் இன்ஜின் என்றால் ஒரே ஆளைத் தேர்ந்தெடுங்கள். யாரை? கூட்டத்தில் பேசாமல் இருப்பவரை. அவர் கையில் கிரீஸ் இருந்தால் இன்னும் நல்லது. டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, கேட்காமல் இன்ஜினை மட்டும் காட்டுங்கள். அவருக்கு முன்னால் எண்ணெய்க் குழாய் மடிந்திருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, சிவப்புக் கயிறு சொருகியிருக்கிறதா என்று மூன்றையும் நீங்களே பார்த்துவிட்டுப் போனால் மரியாதை மிஞ்சும்.

கேட்கவே கூடாதவை

மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். அடிவானம் முழுக்கக் கையைச் சுழற்றிக் காட்டுவார்கள்.

“இன்னைக்குக் கடலுக்குப் போகலாமா?” என்றும் கேட்காதீர்கள். “போ” என்று இந்தக் கரையில் ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. அவர் போகச் சொல்லி நீங்கள் போய் ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டியவர் அவர்தானே. அதனால் வானத்தைப் பார்ப்பார், “ம்ம்” என்பார், அவ்வளவுதான். வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள், பாம்பனில் கூண்டு ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மனிதரின் படகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கரையில் இருந்தால் அதுதான் பதில்.

உண்மையில் கயிறு விஷயத்துக்கும் இதே பதில்தான் பொருந்தியிருக்கிறது. சின்னப்பாலம் பக்கத்தில் பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு கரையேறிய ஒரு அக்காவிடம், வேறு யாரும் இல்லாததால், ஒருநாள் கேட்டேன். அவர் மூட்டையை இறக்கிவைக்கக்கூட இல்லை. “நிக்கிற படகுலல்லாம் கட்டித்தான கெடக்கு, உன் படகு அளவுல ஒண்ணப் பாத்து எண்ணிக்க வேண்டியதுதான தம்பி” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். போய் எண்ணினேன். ஒன்றில் பதினெட்டு, ஒன்றில் இருபது, ஒன்றில் பதினாறு. இருபது பாகம் வாங்கினேன், கடைக்காரர் மீட்டரில் அளந்து கொடுத்தார், யார் பாகம் என்ற சண்டை மிச்சம்.

பதில் கிடைத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. சொன்னவரிடம் திரும்பிப் போய், செய்து பார்த்தேன், இப்படி ஆனது என்று சொல்ல வேண்டும். போன வாடையில் எங்கள் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போகாமல் நின்றது. அதை அந்தப் பக்கத்துப் படகுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் தம்பியிடம், “பத்தடிட்ட சொல்லு, கயிறு உரசுற எடத்துல ரப்பர் குழாயச் சுத்தச் சொல்லி” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கேட்காமலே வந்த முதல் பதில்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் போன மாசியில் ஒரு தப்பு செய்தேன். படகு அடியில் கொட்டலசு, அதாவது ஒட்டிக்கொள்கிற சின்னச் சிப்பி மாதிரி உயிர், பிடிக்கிறதே, பெயிண்ட் அடிக்கலாமா என்று இரண்டு பேர் இருக்கும்போது கேட்டுவிட்டேன். ஒருவர் அதற்கென்று விற்கிற மருந்து பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்றார். மற்றவர் அது தண்டச் செலவு, பதினைந்து நாளுக்கு ஒருதரம் கரையில் ஏற்றிச் சுரண்டினால் போதும் என்றார். இருவரும் எனக்கு மாமா முறை, யாரையும் விட முடியாது. இடப்பக்கம் பெயிண்ட் அடித்தேன், வலப்பக்கம் சும்மா விட்டேன். இப்போது தினமும், படகு கரைக்கு வந்து நிற்கும் நேரம் பார்த்து, இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து ஆளுக்கொரு பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் கரையேறிப் போகிறார்கள்.